கத்தரிக்காயைக் கேட்கிறோம், பருத்திக்கொட்டையைக் கேட்பதில்லை

அவையோருக்கு வணக்கம்.

மரபணு மாற்றப்பட்ட உணவைப் பற்றி யார் பேச வந்தாலும் முதலில் எழுவது, விதையில்லாத் தர்பூசணி அப்படிப்பட்டதா என்ற கேள்விதான். அதை முதலிலேயே முடித்துவிடுவோம். அதில் அயல் மரபணு, அதாவது வேறோர் உயிரிலிருந்து எடுத்து ஏற்றிய மரபணு, எதுவும் இல்லை. சாதாரணத் தர்பூசணிக்கு 22 குரோமோசோம்கள். இளநாற்றின் குருத்தில் கொல்கிசின் மருந்தை இட்டால் 44 ஆகும். (அந்தக் கொல்கிசின் நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையில் இருக்கிறது. மூலனூர்ப் பக்கம் அதற்காகவே பயிரிடுகிறார்கள்.) 44 உள்ள செடியோடு 22 உள்ளதைச் சேர்த்தால் கிடைப்பது 33. மூன்று தொகுதிகளாக நிற்பவை சரிபாதியாகப் பிரிய முடியாததால் விதை முற்றுவதில்லை, வெள்ளைத் தோலோடு நின்றுவிடுகிறது. ரெட் லேடி பப்பாளியும் கெட்டித்தோல் தக்காளியும் வீரிய ஒட்டு ரகங்கள். அவற்றில் நாட்டு ரகத்தின் சுவை இல்லை என்று தாராளமாகக் குறைபடலாம். அது வேறு வழக்கு.

அப்படியானால் மரபணு மாற்றம் நம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? பருத்தி வழியாக.

இந்தியாவில் விவசாயி கடையில் வாங்கிப் பயிரிடச் சட்டப்படி கிடைக்கும் ஒரே மரபணு மாற்றப் பயிர் பருத்திதான். 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இன்று பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ரகங்களே, அதாவது புழுவைக் கொல்லும் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றியவை. பருத்தியை நூல் என்றே நினைக்கிறோம். வயலிலிருந்து ஜின்னிங் ஆலைக்குப் போகும் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மிச்சம் கொட்டை. கொட்டையின் எண்ணெய் நொறுக்குத்தீனிக் கம்பெனிகளுக்கும் வனஸ்பதிக்கும் போகிறது, புண்ணாக்கு கறவை மாட்டுக்குப் போகிறது. மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால் இதே கொட்டையை இரவு ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சியது.

பருத்திப்பால் ஆபத்தா? என் கணிப்பில் இல்லை. பி.டி. செடியில் இருக்கும் கிரை1ஏசி புரதம் புழுவைக் கொல்லும் விதம் தனி. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. புரதம் அங்கே கரைந்து, வெட்டுப்பட்டு, குடல் சுவரிலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் இரைப்பை அமிலம் நிறைந்தது, அந்த ஏற்பியும் நமக்கு இல்லை. போதாக்குறைக்கு, பாலைக் கொதிக்க வைக்கும்போதே புரதத்தின் வடிவம் குலைந்துவிடும். உண்மையான அபாயம் வேறு. விதைப்புக்கென்று பாக்கெட்டில் வரும் விதையில் பூச்சிமருந்தும் சாயமும் ஏற்றியிருக்கும். நிறம் பூசிய கொட்டையை அரைக்கவும் கூடாது, மாட்டுக்கு வைக்கவும் கூடாது. மரபணு மாற்றமே வேண்டாம் என்பவர்கள் தெற்கு மாவட்ட மானாவாரியில் இன்னும் கொஞ்சம் விளையும் கருங்கண்ணிப் பருத்தியின் கொட்டையைத் தேட வேண்டும். ஆலையிலிருந்து பொதுவில் வரும் கொட்டை பல தோட்டத்துக் கலவை.

அடுத்தது சோயா எண்ணெய். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயா மரபணு மாற்றப்பட்டதல்ல. ஆனால் நாம் பெருமளவு இறக்குமதி செய்யும் எண்ணெய் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. அங்கே விளையும் சோயா அநேகமாக எல்லாமே களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற ரகம். கனடாவின் கனோலாவும் அப்படியே. கடலை, நல்லெண்ணெய், தேங்காய், சூரியகாந்தி, தவிடு, பாமாயில் இவற்றில் வணிக ரீதியில் மரபணு மாற்ற ரகம் கிடையாது. ஆகவே வேண்டாம் என்பவருக்கு வழி எளிது: சிப்ஸ் பாக்கெட்டின் பின்புறம் ‘தாவர எண்ணெய்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எந்த எண்ணெய் என்று இருக்கும், அதைப் படியுங்கள். கலப்பு எண்ணெய் என்றால் எது எத்தனை சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும்.

‘எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பலாமே?’ அனுப்பலாம், பெரும்பாலும் பயனில்லை. சுத்திகரிப்பில் பசை நீக்கி, வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் ஆவி பாய்ச்சும்போது புரதமும் டி.என்.ஏ.வும் அநேகமாகப் போய்விடும். போனதால்தான் உடல்நலக் கவலைக்கு அங்கே வேலை குறைவு. அதே காரணத்தால் பொய்யைப் பிடிக்கவும் முடியாது. கொட்டையைச் சோதிப்பது சுலபம். நசுக்கி, கரைசலில் கலக்கி, சோதனைப் பட்டையை நனைத்தால், பி.டி. கொட்டையாக இருந்தால் சில நிமிடத்தில் இரண்டு கோடு விழும். வறுத்த கொட்டையில் இது ஏமாற்றும், ஏனென்றால் பட்டை தேடுவது குலையாத புரதத்தை. டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனையிலும் ஒரு கண்ணி உண்டு. அது வழக்கமாகத் தேடுவது பல மரபணு மாற்றச் செடிகளில் சேர்க்கப்படும் 35எஸ் என்ற டி.என்.ஏ. துண்டை. அந்தத் துண்டு காலிஃப்ளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்தது. அந்த வைரஸ் தாக்கிய முட்டைக்கோஸ் குற்றம் செய்யாமலே மாட்டிக்கொள்ளும்.

கத்தரிக்காய்க்கு வருகிறேன். பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டபின் 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யூ. 1 போன்ற நம் ரகங்களில் இதே மரபணுவைச் சேர்த்திருந்த வேலையும் அங்கேயே நின்றது. வங்கதேசம் 2013இல் அனுமதித்து இன்றும் பயிரிடுகிறது. 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் கள்ளத்தனமாக விளைந்தது பிடிபட்டது. தடையை ஆதரிப்பவர்களுக்கு ஒரு கேள்வி: தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துகொள்ளும் துளைப்பான் புழுவுக்கு, மேலே தெளித்த மருந்து எட்டாது, அதனால்தான் விவசாயி திரும்பத் திரும்ப அடிக்கிறார். அந்த எச்சத்தையும் கணக்கில் எடுத்தீர்களா? பி.டி. கத்தரியை ஆதரிப்பவர்களுக்கும் ஒன்று: பருத்தியில், புழுவுக்கு எதிர்ப்புத்திறன் வளராமலிருக்க பி.டி. அல்லாத செடிகளை ஓரத்தில் நட வேண்டும் என்ற விதி வயலில் நடக்கவில்லை, இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. கத்தரியில் மட்டும் எப்படி நடக்கும்?

ஒவ்வாமையைப் பற்றிய பயம் நியாயமானது. பிரேசில் கொட்டையின் மரபணுவை ஏற்றிய சோயாவை, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்த நீரில் சோதித்தபோது ஒவ்வாமையும் கூடவே வந்திருப்பது தெரிந்தது. முடிவு 1996இல் வெளியானது. அந்தச் சோயா கடைக்கே வரவில்லை. ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும். மரபணு மாற்றப்பட்டது இருந்தால் பாக்கெட்டில் ‘ஜி.எம்.’ என்று போட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 22ஆம் பிரிவோ, விதிமுறைப்படி அல்லாமல் அத்தகைய உணவை விற்கவே கூடாது என்கிறது. விதிமுறைகளின் வரைவு 2021இல்தான் வந்தது. உண்மையை அச்சிடுகிறவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதாகிவிடும். பிறகு யார் அச்சிடுவார்?

இனி வருவது அரிசி. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா என்ற ரகம், சம்பா மசூரியின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்து கதிருக்கு மணி கூட்டியது. அயல் மரபணு இல்லாததால், மத்திய அரசின் 2022 மார்ச் ஆணைப்படி இத்தகைய பயிர்களுக்குப் பழைய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு. 35எஸ் தேடும் சோதனையில் எதுவும் தெரியாது. சம்பா மசூரி, அதாவது பி.பி.டி. 5204, நம் கடைகளில் ‘டீலக்ஸ் பொன்னி’ என்ற பெயரில்தான் விற்கிறது. மூட்டைக்குள் இருப்பது பழையதா புதியதா என்று தெரிய வேண்டுமென்றால், நெல் கொள்முதலாகும் இடத்திலேயே ரகத்தின் பெயரைப் பதிந்து, அதே பெயரை அரிசி மூட்டை வரை கொண்டுவர வேண்டும். ஆலையில் ரகங்கள் கலந்தபிறகு கேட்டுப் பயனில்லை.