லைனர் பிளாக்கில் பிடித்துக்கொண்டால் எப்படி எடுப்பது? ஒரு கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய், எஞ்சினின் உடம்பான பிளாக்குக்குள் உட்கார்ந்திருக்கும். அதைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் பழைய எச்எம்டி 2511 டிராக்டர் இருக்கிறது, பல வருஷமாக ஷெட்டிலேயே நின்றது. ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை எடுத்துவிட்டேன், லைனர் இரண்டும் அசையவே இல்லை. கீழேயிருந்து கட்டை வைத்து அடித்தும் பார்த்தாயிற்று. கேஸ் வைத்து பிளாக்கைச் சூடு பண்ணலாமா?"

பண்ணாதீர்கள் தம்பி. பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே இடத்தில் நெருப்பைக் காட்டினால் அந்த இடம் விரியும், பக்கத்தில் குளிர்ந்து கிடக்கிற இடம் அதற்கு வழி விடாது, விரிசல் விழுந்துவிடும். லைனர் செட் எப்படியாவது வாங்கிவிடலாம், பிளாக் போனால் பழைய இரும்புக் கடைகளில்தான் தேடி அலைய வேண்டும். அதனால் எது போனாலும் லைனர் போகட்டும் என்ற எண்ணத்தோடே வேலை செய்யுங்கள்.

சரி, முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை லைனர் என்று தெரிய வேண்டும். 2511 செக் நாட்டு ஜெட்டார் டிசைன், 1971இலிருந்து பிஞ்சோரில் எச்எம்டி செய்தது, இரண்டு சிலிண்டர், வெட் லைனர். அதாவது லைனரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். மேலே காலர், அதாவது லைனரின் தடித்த மேல் விளிம்பு, உட்காருகிற இடத்திலும், கீழே ஓரிங், அதாவது தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், உட்காருகிற அந்தக் குறுகிய வளையத்திலும் மட்டும்தான் அது பிளாக்கைத் தொடுகிறது, நடுவில் வெறும் தண்ணீர் ஓடும் இடைவெளி. போர் தண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் அந்தக் கீழ் வளையத்துக்கு மேலே துருவும் உப்பும் சேறும் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். லைனரைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆகவே அடிப்பதை நிறுத்திவிட்டு அந்த உப்பைக் கரைக்கப் பாருங்கள். கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றுகிற அடித் தண்டை, கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள், அது உள்ளே இருக்க இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பக்கத்து மூடிகளைத் திறந்து, ஜாக்கெட்டுக்குள், அதாவது லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடைவெளிக்குள், கையில் எட்டுகிற சேற்றையெல்லாம் கம்பியால் கிளறி எடுத்துவிட்டு, மூடி அடைத்து, தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி ஊறவிடுங்கள். குமிழி வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கொட்டி நன்றாக அலசிய பிறகு பிளாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, லைனரின் கீழ் விளிம்பைச் சுற்றித் துரு இளக்கும் ஆயிலை விடுங்கள். கவிழ்த்து வைத்தால்தான் ஆயில் ஓரிங் பக்கம் இறங்கும். நேராக வைத்து மேலேயிருந்து ஊற்றினால் காலரிலேயே நின்றுவிடும், நிறையப் பேர் அப்படித்தான் ஊற்றுகிறார்கள்.

அப்புறம் புல்லர், அதாவது லைனரை இழுத்து எடுக்கும் கருவி. லேத் பட்டறையில் ஒரு படி வைத்த பிளேட் கடைந்து வாங்குங்கள். சின்னப் படி லைனருக்குள் நுழைய வேண்டும், பெரிய படி லைனரின் அடி விளிம்பில் உட்கார வேண்டும், ஆனால் லைனரின் வெளி விட்டத்தைவிட கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளேட் பிளாக்கில் மாட்டிக்கொள்ளும். நடுவில் நல்ல கனமான திரெட் ராடு, மேலே பிளாக்கின் மீது இரண்டு பக்கமும் இரும்புக் கட்டை, குறுக்கே ஒரு பட்டை, நட். கட்டை லைனர் காலரின் மேல் உட்காராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முறுக்குங்கள். உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கியும் புண்ணியமில்லை. நன்றாக இறுக்கி அப்படியே விட்டுவிடுங்கள், நடுநடுவே அடியிலிருந்து பிளேட்டைத் தட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு கையாலேயே தூக்கிவிடலாம்.

அதற்கும் வரவில்லை என்றால் வெல்டிங். லைனரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக, எதிரெதிரே, இரண்டு மூன்று கோடு வெல்டு இழுத்துவிட்டு ஆறவிட வேண்டும். ஆறும்போது வெல்டு சுருங்கி லைனரையும் உள்ளே இழுக்கும். எர்த் கிளாம்பை லைனரிலேயே மாட்டுங்கள். ஆம்பியர் குறைவாக வையுங்கள், ஓட்டை விழுந்து பிளாக்கில் ஒட்டிவிட்டால் இருந்ததைவிட மோசம்.

மாஸி 1035 டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். அதில் மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், தண்ணீர் தொடாத டிரை லைனர், முழு நீளத்துக்கும் பிளாக்கோடு இறுக்கமாக நிற்கும், ஆசிட் ஊறலுக்கு அங்கே வேலையே இல்லை. பிரஸ்ஸில் தள்ளுவது, இல்லையென்றால் இதே வெல்டு கோடு, அதற்கும் மசியவில்லை என்றால் போரிங் மெஷினில் லைனரைக் காகிதம் போல ஆகும்வரை கடைந்து எடுப்பது. உளி வைத்துப் பிளக்கிறவர்களும் உண்டு, பிளாக் சுவரில் கோடு விழும், எனக்குப் பிடிக்காத வேலை.

தம்பி, லைனர் வெளியே வந்ததும் அதன் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், ஊசி குத்தியது போல் குழிகள் இருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள். ஓரிங் உட்காரும் இடத்தைத் துணியும் மெல்லிய எமரியும் வைத்துப் பளிச்சென்று ஆகும்வரை துடைத்து, புது ஓரிங்கில் சோப்புத் தண்ணீர் தடவி லைனரை நேராக இறக்குங்கள். காலர் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும், டயல் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைப் பூட்டுவதற்கு முன்னால் லைனர் எழும்பாதபடி மேலே பட்டை வைத்துப் பிடித்து, ஜாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் திரும்பக் கழற்றத்தான் வேண்டும்.