ஒரு வரி கீழே இறங்கினால்

நேயர்களுக்கு வணக்கம். ஒரே வீட்டில் தடுப்பு வைத்துப் பல குடித்தனங்கள் இருப்பதுபோல, ஒரே லினக்ஸ் கணினிக்குள் இருப்பவை கண்டெய்னர்கள். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எல்லோருக்கும் பொது. ஃபைல்கள், நெட்வொர்க், பயனர் எண்கள் தனித்தனி. யாருக்கு என்ன உண்டு என்பதை ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைப்போம். அதை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

கண்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் எல்எக்ஸ்சி மென்பொருளில் எல்லாம் ஒற்றை வரிகள். இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு. படிக்கச் சுகம். ஆனால் இரண்டு நெட்வொர்க் கார்டு வேண்டுமென்றால், பழைய முறையில் 'டைப்' வரியை இரண்டு தடவை எழுத வேண்டும். டைப் வரி வந்தால் புது கார்டு தொடங்கியது என்று அர்த்தம். அடுத்த டைப் வரும்வரை உள்ளதெல்லாம் அதற்குச் சொந்தம்.

ஃபைலை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று நான் ஒருமுறை ஐபி முகவரி வரியை நாலு வரி கீழே இறக்கிவிட்டேன். அது இரண்டாவது கார்டில் போய் ஒட்டிக்கொண்டது. பிழைச் செய்தி? மூச்! எழுத்துப்படி எல்லாம் சரியாயிற்றே. அரை நாள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன்.

2017-இல் வந்த 2.1 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். இப்போது கார்டின் எண் பெயரிலேயே வரும்: எல்எக்ஸ்சி புள்ளி நெட் புள்ளி 0 புள்ளி டைப். வரி எங்கே கிடந்தாலும் எந்தக் கார்டுக்கு உரியது என்று தெரிந்துவிடும். பழைய பெயர்களை மாற்றித் தர ஒரு சின்னக் கருவியும் கொடுத்தார்கள். 2018-இல் 3.0 வந்தபோதுதான் பழசைக் கைவிட்டார்கள். நாகரிகமான வழி அது.

இதே வேலைக்கு உதவும் இன்னொரு மென்பொருளான லிப்விர்ட் வேறு ரகம். விர்ச்சுவல் மெஷின்களுக்கென்று (கணினிக்குள் முழுக் கணினிபோல ஓடுபவை) எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் மொழியில் எழுதிய வடிவத்தையே கண்டெய்னருக்கும் நீட்டினார்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ், பூட் டிஸ்க் எல்லாம் கண்டெய்னருக்கு ஏது? அதனால் 'ஓஎஸ்' பகுதியில் முதலில் ஓட வேண்டிய புரோகிராமின் பாதையைக் கொடுத்தால் போதும். டிஸ்க்குக்குப் பதில் ஒரு டைரக்டரி. ஒட்டுப்போட்ட சட்டைதான், எழுதவும் கை வலிக்கும். ஆனால் கண்டெய்னரின் பயனர் எண்களை வெளிக் கணினியின் எண்களோடு பொருத்தும்போது, அங்கே ஸ்டார்ட் (உள்ளே தொடங்கும் எண்), டார்கெட் (வெளியே தொடங்கும் எண்), கவுண்ட் (மொத்தம் எத்தனை) என்று மூன்றுக்கும் பெயர் உண்டு. எல்எக்ஸ்சியில் 'யூ 0 100000 65536' என்று, பயனரைக் குறிக்கும் 'யூ'வுக்குப் பின்னால் வெறும் எண்கள். உள்ளே எது, வெளியே எது என்று இன்றைக்கும் கையேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.