வலக்கால் தந்த மூன்று புள்ளி

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்து ரக்பி அணிக்கு 10-ஆம் எண் சட்டையில் ஆடிய ஜானி வில்கின்சன் இடக்கால்காரர். அந்த இடக்காலைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. நான் அவருடைய வலக்காலைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

2003 நவம்பர் 22, சிட்னி. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி, சொந்த மண்ணில் ஆடும் ஆஸ்திரேலியா. 80 நிமிடம் முடிந்தபோது 14-14. கூடுதல் நேரமும் முடியப்போகிறது, 17-17. மிச்சம் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதல்.

அந்த நேரத்தில் இங்கிலாந்து குறிவைத்தது ஒரு டிராப் கோலுக்கு. அது என்ன? ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையிலுள்ள பந்தைக் கீழே விட்டு, அது தரையில் பட்டு எழும் நொடியில் உதைக்க வேண்டும். 5.6 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, 3 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 3 புள்ளி. தரையில் படாமல் உதைத்தால் புள்ளி கிடையாது.

கேட்க எளிது. ஆனால் ரக்பிப் பந்து உருண்டையில்லையே! மட்டை உரிக்காத தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே போட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யார் சொல்ல முடியும்? அதனால் பந்தை நட்டுக்குத்தலாக, மேல்முனை தன் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கப் பிடிக்க வேண்டும். வீசக் கூடாது, கையை விலக்கி நழுவவிட வேண்டும். உயரத்திலிருந்து விட்டால் விழுவதற்குள் பந்து திரும்பிவிடும். படுக்கையாக விழுந்தால் பக்கவாட்டில் ஓடிவிடும். கம்பத்தைப் பார்க்கும் அவசரத்தில் தலை நிமிர்ந்தால் கால் பந்தின் ஓரத்தில்தான் படும். இவ்வளவையும், நூறு கிலோ ஆட்கள் பாய்ந்து வரும்போது செய்தாக வேண்டும்.

சிட்னிக்கு வருவோம். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை, வரிசையாக நிற்கும் இரு அணிக்கும் நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வதுதான் லைன்-அவுட். அதில் இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்ப்சன் எறிந்த பந்தை வரிசையின் கடைசியில் லூயிஸ் மூடி பிடித்தார். பிறகு பந்தை எடுத்து இடுக்கில் புகுந்து ஓடினார் மேட் டாசன். ஓடி, ஆட்களுக்கு அடியில் சிக்கிக்கொண்டார். வில்கின்சனுக்குப் பந்தைத் துல்லியமாக எறிந்து தர வேண்டியவரே அவர்தான்! அங்கேதான் அணித் தலைவர் மார்ட்டின் ஜான்சன் பந்தை வாங்கி நேராக மோதினார். முன்னேறியது சில அடிதான். ஆனால் டாசன் எழுந்து தன் இடத்துக்கு வர அந்த மோதல் நேரம் வாங்கித் தந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டாசன் எறிந்தார், வில்கின்சன் வலக்காலால் உதைத்தார். 20-17.

மறுபடியும் சொல்கிறேன், வலக்கால். பழகிய காலுக்கு மாற்ற உடம்பைத் திருப்பினால் அதற்குள் எதிராளி கை குறுக்கே வந்துவிடும். அதற்காகத்தான் ஆண்டுக்கணக்கில் இரண்டு காலையும் பழக்கியிருந்தார். பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட் அவருக்கு ஒரு கற்பனையும் கொடுத்திருந்தார். கம்பங்களுக்குப் பின்னால், பார்வையாளர் வரிசையில், டோரிஸ் என்ற பெண்மணி குளிர்பானக் கேனோடு உட்கார்ந்திருக்கிறார். பந்து அந்தக் கேனில் படவேண்டும். இடைவெளியை நோக்கி உதைத்தால் சிறு பிழையும் பெரிதாகும். கேனை நோக்கி உதைத்தால், கொஞ்சம் தவறினாலும் பந்து கம்பங்களுக்குள்ளேயே போகும்.

இதே ஆஸ்திரேலியாவிடம் 1998-இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்து 76-0 என்று தோற்றபோதும் அவர் ஆடினார். அப்போது அவருக்கு வயது 19.

கோப்பைக்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை. கழுத்து, புயம், முழங்கால், சிறுநீரகம் என்று அடிமேல் அடி. 10-ஆம் எண்ணில் ஆடுபவர்கள் பலர் மோதலிலிருந்து ஒதுங்கியே நிற்பார்கள். இவரோ தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தோள்கொடுத்துச் சாய்ப்பவர். 1,169 நாள் கழித்து, 2007 பிப்ரவரி 3 அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணிக்குத் திரும்பி வந்தார். அன்று மட்டும் 27 புள்ளி!

நேரம் நெருங்கிவிட்டது. பிரான்சின் துலோன் அணியில் அவர் ஆடிய ஐந்து ஆண்டுகளை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2013, 2014 இரண்டிலும் ஐரோப்பியக் கோப்பை துலோனுக்கு. 2014 மே 31, பாரிஸ் அருகே பிரெஞ்சு லீக் இறுதி. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். காஸ்த்ர் அணிக்கு எதிராகத் துலோன் 18-10 என்று வென்றது. அதில் 15 புள்ளி அவருடையது, ஒரு டிராப் கோலும் சேர்த்து. நன்றி, வணக்கம்.