ஏட்டில் நின்ற ஆட்டம்

தொண்டிக்கு அருகிலுள்ள கடலோரக் கிராமம் ஒன்றில், விளையாட்டு மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

ஊர்ப் பெரியவர்களே, மன்றத்தின் நிர்வாகிகளே, தாய்மார்களே, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருந்து இந்தப் பந்தலை நிறைத்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மன்றம் என்ற ஒன்று எப்படி நிலைத்து நிற்கிறது என்று பேசுவதற்காக, ஸ்காட்லாந்தின் கர்லிங் ஆட்டத்தையும் அதை வளர்த்த ஊர் மன்றங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில்தான் நம் கபடித் திடலில் கூட்டம் சேர்கிறது. ஸ்காட்லாந்தின் உழவர்களுக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. நிலம் உறைந்து கலப்பை இறங்காத குளிர்நாட்களில் ஊர்க் குளமும் கல்லாய் உறைந்துவிடும். வேலை இல்லாத கைகள் எல்லாம் அந்தக் குளத்தின் மேல் கூடின. அங்கே வளர்ந்ததுதான் கர்லிங்.

ஆட்டம் இதுதான். அணிக்கு நால்வர், ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இரண்டு கற்கள். ஒரு கல் இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையும் மேலே ஒரு கைப்பிடியும் கொண்டது. ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள உறைபனித் தளத்தின் மறுமுனையில் 12 அடி விட்டமுள்ள வட்டம் வரையப்பட்டிருக்கும். அதன் நடுப்புள்ளிக்கு நெருக்கமாகக் கல்லைக் கொண்டு நிறுத்துகிறவர்களுக்கே வெற்றி. தளம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்துவிடக் கூடாது. அதன்மேல் பூவாளியால் தெளிப்பதுபோல் நீரைத் தெளிக்கிறார்கள். விழுந்த துளிகள் விழுந்த இடத்திலேயே வேர்க்குருபோல் உறைந்துவிடுகின்றன. கல்லின் அடிப்பாகமும் முழுவதுமாகத் தரையைத் தொடுவதில்லை. வளையல் போன்ற ஒரு குறுகிய விளிம்புதான் அந்தத் துளிகளின் தலைமேல் ஊர்கிறது. கைப்பிடியை மெல்லத் திருப்பி விட்டால் கல் சுழன்றபடியே சென்று, திருப்பிய பக்கமாக வளைகிறது. ஏன் அப்படி வளைகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒத்த முடிவுக்கு வரவில்லை.

கல்லுக்கு முன்னால் இருவர் துடைப்பத்தால் தளத்தைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். தேய்த்த இடத்தில் உராய்வு குறைவதால் கல் கூடுதல் தூரம் போகிறது, வளைவும் குறைகிறது. மறுமுனையில் நின்று குரல் கொடுப்பவர் அணித்தலைவர். நம் வத்தை என்னும் பாய்மரப் படகுப் போட்டியில், காற்று வரும் பக்கம் நீட்டிய பலகையில் யார் ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று படகை நடத்தும் தண்டல் போடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரலை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட செய்தியைச் சொல்கிறேன். 1541-ஆம் ஆண்டு பெய்ஸ்லி என்ற ஊரில், மடத்துத் துறவி ஒருவருக்கும் மடாதிபதியின் ஆள் ஒருவருக்கும் இடையே, உறைபனியில் கல் விடும் போட்டிக்கு ஓர் அறைகூவல் நிகழ்ந்தது. அதைப் பத்திர எழுத்தர் ஒருவர் இலத்தீன் மொழியில் தம் பதிவேட்டில் குறித்து வைத்தார். அவர் ஆட்டக்காரர் என்பதற்காக நாம் அவரை நினைக்கவில்லை. சொத்துப் பத்திரம் எழுதுகிற கை, இதையும் எழுதத் தக்கது என்று கருதியதே, அதற்காக நினைக்கிறோம். அவருக்கு முன்பு எத்தனை ஊர்க் குளங்களில் எத்தனை பேர் ஆடினார்களோ, அவர்கள் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

பிறகு மன்றங்கள் வந்தன. கில்சித் ஊர் மன்றம் 1716-இல் தோன்றியதாகச் சொல்லிப் பெருமை கொள்கிறது. எடின்பரோவை ஒட்டிய டடிங்ஸ்டன் மன்றத்தார் 1804-இல் ஆட்ட விதிகளை எழுதினார்கள். 1838-இல் எடின்பரோவில் பல ஊர் மன்றங்கள் கூடி ஒரு பெருமன்றம் அமைத்தன. ஒவ்வோர் ஊரும் தன் வழக்கப்படி ஆடிக்கொண்டிருந்த நிலை மாறியது அதன் பிறகுதான். 1842-இல் விக்டோரியா அரசியாருக்கு ஓர் அரண்மனையின் மெருகிட்ட மரத்தரையிலேயே ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பெருமன்றத்துக்கு அரச அடைமொழி கிடைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த மன்றம் தொடக்க காலத்திலிருந்தே ஆண்டுமலர் அச்சிட்டு வந்தது என்பதுதான்.

வடபகுதி மன்றங்களும் தென்பகுதி மன்றங்களும் மோதும் பெரும்போட்டியை 1847-இல் தொடங்கினார்கள். கார்ஸ்பிரெக் என்ற இடத்தில் அதற்கென்றே ஓர் ஏரி. ஆட்டக்காரர்கள் வந்து இறங்குவதற்கென்றே ஒரு ரயில் நிறுத்தம். 1853 முதல் 1935 வரை அங்கே 25 முறை போட்டி நடந்தது. திறந்த வெளியில் கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரியில். ஏரிகள் ஆளைத் தாங்கும் அளவுக்கு உறைவது அரிதாகிவிட்டது. 2010-இல் நன்றாக உறைந்தபோதும் பாதுகாப்பைக் கருதிப் போட்டியை நடத்தவில்லை. இன்று ஆட்டம் கூரையின் கீழ் நடக்கிறது. ஏரியில் ஆடிய நாட்கள் ஏட்டில் இருக்கின்றன.

ஏட்டின் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1924-இல் ஷாமோனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியாக ஆடித் தங்கம் வென்றவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அது பதக்கக் கணக்கில் சேராத காட்சிப் போட்டிதானே என்று பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களின் குடும்பத்தாரும் கிளாஸ்கோ நாளிதழ் ஒன்றும் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து வாதாடியதால், 2006-இல் அந்தப் பதக்கம் முறையானது என்று ஒலிம்பிக் குழு ஏற்றுக்கொண்டது. இடையில் கழிந்தவை 82 ஆண்டுகள்.

இப்போது நம் மன்றத்துக்கு வருகிறேன். அலமாரியில் ஒரு கோப்பை இருக்கிறது. இன்று காலை அதைத் துடைத்துப் பார்த்தேன். உப்புக்காற்றில் பச்சை பூத்து, "பாய்மரப் படகு" என்ற சொற்கள் மட்டும் தடவினால் விரலில் தெரிகின்றன, ஆண்டு தெரியவில்லை. கணக்கு நோட்டைக் கேட்டேன். ஒரு மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து போய்விட்டது என்றார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வேதனையாக இருந்தது.

ஆகவே மதியம் நம் மூத்த தண்டல் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் போட்டியைப் பற்றிக் கேட்டேன். ஆண்டு அவருக்கும் நினைவில்லை. ஆனால் அன்று கச்சான் காற்று என்பதும், திருப்பத்தில் பாயின் கயிறு அறுந்ததும், அதைப் பல்லால் கடித்து முடிந்தவர் யார் என்பதும் நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கின்றன. படகில் சென்ற ஆறு பேரில் நால்வர் பெயரைச் சொன்னார். அனைத்தையும் ஒரு புதிய நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இரண்டு வரிகளை வெறுமையாக விட்டு, செயலாளர் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அந்த இருவர் யார் என்று தெரிந்தவர்கள் இந்தப் பந்தலில் இருக்கக்கூடும். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.