240 நிமிடங்களின் பங்கீடு

அவைத் தலைவர் அவர்களே, கூடைப்பந்து ஆர்வலர்களே, மாலைப் பயிற்சியை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் இளம் ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணிக்கு என்ன நேர்கிறது என்பதே இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். 2016ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று, அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் ஆடும் கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் அணி தன் பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கியது. அதுவரை நடந்த 41 ஆட்டங்களில் 30இல் வென்று, கிழக்குப் பிரிவில் அந்த அணிதான் முதலிடத்தில் இருந்தது. பிளாட்டின் உதவியாளராக இருந்த டைரன் லூ பொறுப்பேற்றார். எஞ்சியிருந்தவையும் சரியாக 41 ஆட்டங்கள். அவற்றில் அணி வென்றவை 27. புதியவரின் கணக்கில் பழையவரைவிட மூன்று வெற்றி குறைவு. ஆனாலும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கிளீவ்லண்ட் கோப்பையை வென்றது. 1964க்குப் பிறகு அந்த நகரத்தின் பெரிய தொழில்முறை அணி எதற்கும் கிடைக்காத பட்டம் அது.

இந்த மாற்றம் பலித்தது என்பதா, பலிக்கவில்லை என்பதா? வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அதற்குக் காரணம், பயிற்சியாளர் மாற்றம் முதலில் தொடுவது வெற்றியை அல்ல, பங்கீட்டை. ஓர் என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடங்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஐவர். ஆக, பயிற்சியாளர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் பகிர்ந்தளிக்கக்கூடியது 240 நிமிடங்கள்தாம். வருகிறவர் எத்தனை பெரிய மேதையாக இருந்தாலும், கூடுதல் நேர ஆட்டமாக நீண்டாலன்றி, 241ஆவது நிமிடத்தை அவரால் உண்டாக்க முடியாது. பந்தியில் இலை போட்டாயிற்று. புதிதாக ஒருவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்பத்தான் வேண்டும். எழுப்பப்படுகிறவர் முகம் சுளிக்காமல் எழுந்திருக்கிறாரா என்பதில்தான் பெரும்பாலான மாற்றங்களின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

அதற்கு முன், குறைபாடு நேரும்போது ஏன் பயிற்சியாளர் மட்டும் முதலில் போகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அணியில் முழு ஒப்பந்தம் பெற்ற ஆட்டக்காரர்கள் 15 பேர் இருக்கலாம். அவர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை உறுதி செய்யப்பட்டவை, ஆகவே ஒருவரை நீக்கினாலும் அவருடைய ஊதியம் அணியின் கணக்கைவிட்டு நீங்காது. பயிற்சியாளரின் ஊதியமோ அந்த உச்சவரம்புக்குள் வருவதே இல்லை. உரிமையாளர் தன் பையிலிருந்து மீதித் தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் ஊதியக் கணக்கில் ஒரு கீறலும் விழாது. பதினைந்து பேரை மாற்றுவது அரிது, ஒருவரை மாற்றுவது எளிது. இந்தக் கூட்டல் கழித்தல்தான் பல பணிநீக்கங்களுக்குப் பின்னால் இருக்கிறது. 'அணிக்குப் புதிய குரல் தேவைப்பட்டது' என்று செய்தியாளர்களிடம் சொல்வதெல்லாம் அதற்குப் பின் வரும் அலங்காரம்.

இனி, நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 2014ஆம் ஆண்டு மே 6 அன்று மார்க் ஜாக்சனை நீக்கி, எட்டு நாளில் ஸ்டீவ் கெரை நியமித்தது. ஜாக்சன் தோற்றுப்போன பயிற்சியாளர் அல்லர். 2011இல் அவர் ஏற்றுக்கொண்டபோது நலிந்து கிடந்த அணி அது. முதல் ஆண்டில் 23 வெற்றி, 43 தோல்வி. அடுத்த ஆண்டு 47 வெற்றி. அதற்கடுத்த ஆண்டு 51. இருபது ஆண்டுகளில் அந்த அணி 50ஐத் தொட்டது அதுவே முதன்முறை. அணியின் முகமாக வளர்ந்துகொண்டிருந்த ஸ்டெஃபன் கரி, ஜாக்சனே நீடிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். ஆயினும் நிர்வாகத்துக்கும் ஜாக்சனுக்கும் உறவு கெட்டிருந்தது. அதே பருவத்தில் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் கிளை அணிக்கு அனுப்பப்பட்டார், இன்னொருவர் நீக்கப்பட்டார். பருவ ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவரே முன்னேறுவார். அதன் முதல் சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றதும் ஜாக்சனின் நாள்கள் முடிந்தன.

அவருக்குப் பின் வந்த கெர், அதற்கு முன் எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவர் அல்லர். சிகாகோவில் பில் ஜாக்சனிடமும் சான் அன்டோனியோவில் கிரெக் பாபோவிச்சிடமும் ஆடி ஐந்து கோப்பைகள் பெற்றவர். பீனிக்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்தவர். பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர். அவர் கண்ட குறை எளிமையானது. உலகின் மிகச் சிறந்த எறிதல் கைகளில் இரண்டு, கரியும் கிளே தாம்சனும், அந்த அணியில் இருந்தன. ஆனால் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணினால், அந்தப் பருவத்தில் 30 அணிகளில் வாரியர்ஸ் கடைசி இடம். ஆட்டத்துக்கு 250 பாஸ்கூட இல்லை. எதிரணியில் பலவீனமான ஒருவரைத் தேடி, அவருக்கு எதிரே நம்மவர் ஒருவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டு நிற்பது அன்றைய வழக்கமாக இருந்தது. கெர் 300 என்று ஓர் எண்ணை இலக்காக வைத்தார். பந்து ஓடட்டும், ஆள் ஓடட்டும், எறிகிறவர் யாராகவும் இருக்கட்டும் என்பதே அதன் பொருள்.

கேட்பதற்கு எளிது. ஆனால் தொடக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? பந்து ஓடியது, ஓடிய பந்து எதிரணியின் கையில் போய் விழுந்தது. பழகாத இடத்துக்குப் பழகாத நேரத்தில் எறியப்படும் பாஸ் அப்படித்தான் முடியும். ஏழு ஆட்டங்களில் ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி என்று இருந்த நிலையில் பந்தைப் பறிகொடுப்பதைக் குறைப்பதே பெரும்பாடாக இருந்தது. பிறகு 16 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார்கள். பருவ முடிவில் 67 வெற்றி, 15 தோல்வி; பாஸ் எண்ணிக்கை 300ஐத் தாண்டியிருந்தது; கூடைக்கு வழிசெய்யும் கடைசிப் பாஸ்களில் முப்பது அணிகளுக்குள் முதலிடம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இலையிலிருந்து ஆளை எழுப்பிய கதை. ஆண்ட்ரே இகுடாலா அதுவரை தன் வாழ்நாளில் ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் ஒருவராகவே களம் இறங்கியவர். கெர் அவரை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் அமர வைத்து, அவர் இடத்தை இளைஞர் ஹாரிசன் பார்ன்ஸுக்குக் கொடுத்தார். அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூட இகுடாலா தொடக்கத்தில் இறங்கவில்லை. டேவிட் லீயின் கதை இன்னும் கடுமையானது. அவர் அந்த அணியிலேயே அதிக ஊதியம் பெற்றவர், இருமுறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். பருவத் தொடக்கத்தில் தொடைத் தசையில் காயம்பட்டு ஒதுங்கினார். அந்த இடத்தில், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 2012 தேர்வில் 35ஆவதாக எடுக்கப்பட்ட டிரேமண்ட் கிரீன் இறங்கினார். லீ குணமாகித் திரும்பியபோது இடம் திரும்பவில்லை. பழைய பயிற்சியாளர் நீடித்திருந்தால் லீ திரும்பிய அன்றே கிரீன் எழுந்து இடம் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். பழைய கடப்பாடுகள் புதியவரைக் கட்டுவதில்லை. பயிற்சியாளர் மாற்றத்தின் முதற்பயன் அதுதான். முதல் இழப்பும் அதுவே. இத்தனை ஆண்டுகள் உழைத்து ஒருவர் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் செல்லாக் காசாகிவிடுகிறது.

இங்கே மார்க் ஜாக்சனுக்கு உரியதை எடுத்து வைக்காவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கெர் வருவதற்கு முன்பே அந்த அணியின் தடுப்பாட்டம் முன்னணி ஐந்துக்குள் இருந்தது. கெரின் முதல் ஆண்டில் அது முதலிடம் ஆயிற்று. நான்காம் மாடிக்கு ஏறியவர் தரைத்தளத்தைக் கட்டியவர் அல்லர். தாக்குதல் ஆட்டம் நடுத்தரத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குப் பாய்ந்ததே எல்லார் கண்ணிலும் பட்டது. கெர் தனக்குக் கிடைத்தது ஏற்கெனவே நல்ல அணி என்பதை முதல் நாளிலிருந்து ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பணிவு வெறும் மரியாதை அன்று, தந்திரமும்கூட. முன்னவரை இகழ்ந்து பேசும் புதியவர், முன்னவரை நேசித்த ஆட்டக்காரர்களை முதல் நாளிலேயே இழந்துவிடுகிறார். கரி யார் பக்கம் நின்றார் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஆட்ட முறை ஒன்று நிலைபெற்றுவிட்டால், நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதன் எடை குறைகிறது. 2015 பருவத் தொடக்கத்தில் கெர் முதுகு அறுவை சிகிச்சையால் ஒதுங்கியிருக்க, உதவியாளர் லூக் வால்டன் 43 ஆட்டங்களை நடத்தினார். தொடக்கமே 24 தொடர் வெற்றி. மொத்தம் 39 வெற்றி, 4 தோல்வி. விதிப்படி அந்த வெற்றிகள் எல்லாம் கெரின் கணக்கில் எழுதப்பட்டன என்பது ஒரு வேடிக்கை.

கெருக்கு ஒரு வசதி இருந்தது: அவர் கோடையில் வந்தார். பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமும் முன்னோட்ட ஆட்டங்களும் அவர் கையில் இருந்தன. பருவத்தின் நடுவில் வருகிறவருக்கு அது இல்லை. ஏறக்குறைய ஆறு மாதத்தில் 82 ஆட்டங்கள், வாரத்துக்கு மூன்று நான்கு, இடையில் விமானப் பயணம்; முழுப் பயிற்சிக்கென்று ஒதுக்க நாளே கிடைக்காது. ஆகவே நடுவில் வருகிறவர் புதிய ஆட்ட முறையைப் புகுத்துவது அரிது. வேகத்தைக் கூட்டலாம், நிமிடங்களை மாற்றிப் பங்கிடலாம், பேச்சை மாற்றலாம், அவ்வளவே.

கிளீவ்லண்டில் டைரன் லூ செய்தது அதைத்தான். பிளாட் ஐரோப்பாவில் பெரும்பெயர் பெற்றவர். இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணிக்கு 2014இல் யூரோலீக் பட்டம் வாங்கித் தந்தவர். கிளீவ்லண்ட் அவரை நியமித்தபோது அது இளைஞர் அணி. சில வாரங்களில், முன்பு அங்கே ஆடிய பெரும் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் திரும்பி வருவதாக அறிவித்தார். பிளாட் ஒப்புக்கொண்ட வேலை ஒன்று, அவர் செய்ய நேர்ந்தது மற்றொன்று. லூவோ என்.பி.ஏ.வில் ஆடியவர், ஆட்டக்காரர்களின் மொழி பேசுகிறவர். வந்தவுடன் வேகமாக ஆட வேண்டும் என்றார். முதல் ஆட்டத்திலேயே சொந்தக் களத்தில் சிகாகோவிடம் அணி தோற்றது. அவர் வந்ததன் பயன் ஜூனில் தெரிந்தது. இறுதிச் சுற்றில் வாரியர்ஸிடம் 3–1 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, ஏழாவது ஆட்டத்தை 93–89 என்று முடித்தார்கள். அதற்கு முன் எந்த அணியும் இறுதிச் சுற்றில் 3–1 பள்ளத்திலிருந்து ஏறி வந்ததில்லை.

நடுப்பருவ மாற்றம் நாடகமாகவும் முடிவதுண்டு. 1981 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் மேஜிக் ஜான்சன், தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கேட்ட மறுநாளே பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட் நீக்கப்பட்டார். அடுத்த ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே மேஜிக்கைக் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். புதிய பயிற்சியாளர் யார் என்பதில் செய்தியாளர் கூட்டத்திலேயே குழப்பம். உரிமையாளர் ஒன்று சொல்ல, அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஜெர்ரி வெஸ்ட் வேறொன்று சொல்ல, ஒருவழியாகப் பொறுப்பு உதவியாளர் பாட் ரைலியிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பருவமே அவர்கள் கோப்பையை வென்றார்கள் என்பதால் குழப்பம் மறந்துபோயிற்று.

மறக்கப்படாத எதிர்க்கணக்கும் உண்டு. மில்வாக்கி பக்ஸ் அணி 2024 ஜனவரியில், 43 ஆட்டங்களில் 30 வென்றிருந்த ஆட்ரியன் கிரிஃபினை நீக்கியது. தடுப்பாட்டம் ஓட்டையாக இருக்கிறது என்பது குறை, அது உண்மையும்கூட. கிரிஃபினைவிட அனுபவத்தில் பன்மடங்கு மூத்த டாக் ரிவர்ஸ் வந்தார். எஞ்சியவற்றில் 36 ஆட்டங்களை அவர் நடத்தி, 17 வெற்றி, 19 தோல்வி. முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் தோற்று வெளியேறினார்கள். அணியின் முதன்மை ஆட்டக்காரர் யானிஸ் அன்டெடோகும்போ காயத்தால் அந்தச் சுற்றில் ஆடவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெயர்பெற்றவரை அழைத்து வந்தால் போதும், நாள் வேண்டாம் என்று எண்ணுகிற நிர்வாகங்களுக்கு இந்த 17–19ஐச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

இறுதியாக, நம் ஊரில் காலைக் காபியோடு பார்த்த ஓர் ஆட்டம். 2015 இறுதிச் சுற்று, நான்காவது ஆட்டம். வாரியர்ஸ் 2–1 என்று பின்தங்கியிருந்தது. கெரின் சிறப்பு உதவியாளரான நிக் யூரென் என்ற இளைஞர், உயரமான மைய ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம் என்றார். தலைமைப் பயிற்சியாளராக முதல் ஆண்டில் இருந்த கெர் அதை ஏற்றார். ஆட்டத்துக்கு முன் செய்தியாளர்கள் கேட்டபோது மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்லி, பிறகு அது பொய்தான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பருவம் முழுவதும் மற்றவர் இறங்குவதை உட்கார்ந்து பார்த்த இகுடாலா, அன்றுதான் முதன்முறையாகத் தொடக்க ஐவருள் ஒருவராக அறிவிக்கப்பட்டார். வாரியர்ஸ் அதிலிருந்து மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுடாலாவுக்குக் கிடைத்தது. பருவம் முழுவதும் தொடக்கத்தில் இறங்கிவந்த போகட், அந்த நான்காவது ஆட்டத்தில் களத்தில் இருந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மிச்ச நேரமெல்லாம் பெஞ்சில் அமர்ந்திருந்தார்.