பாடம்தான் என்கிறேன், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். "பழைய வீடியோ கேம்கள் நமக்குத் தந்தது வாழ்க்கைப் பாடமா, வெறும் பொழுதுபோக்கா?" என்பது இன்றைய தலைப்பு. பாடம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், "கேமில் செத்தால் இன்னொரு உயிர் உண்டு, வாழ்க்கையில் உண்டா? அப்புறம் என்ன பாடம்?" என்று கேட்டு நல்ல கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த இன்னொரு உயிரை எதற்காகக் கொடுத்தார்கள்? 1980-இல் வந்த பேக்-மேனைப் பாருங்கள், சந்துசந்தாகப் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடம் மாட்டாமல் ஓடும் விளையாட்டு. புதிதாக ஆடுகிறவருக்கு நான்கு பேய்களும் சேர்ந்துகொண்டு கண்மண் தெரியாமல் துரத்துவது போலத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டால் நேரம் சரியில்லை என்பார். ஆட ஆடத்தான் பிடிபடும். சிவப்புப் பேய் நாம் நிற்கிற இடத்தைக் குறிவைத்தே வரும். பிங்க் நிறப் பேய் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் இருக்கிறதே, தூரத்தில் இருக்கும்வரை துரத்திவிட்டு, கிட்டே வந்ததும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும்! நீலப் பேய் சிவப்புப் பேய் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால், அது எங்கே திரும்பும் என்று சொல்வதுதான் கஷ்டம். இதையெல்லாம் விளையாட்டு நமக்கு விளக்கிச் சொல்லாது, மாட்டி மாட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் அந்த உயிர்கள். ஊரே நமக்கு எதிராக நிற்கிறது என்று தோன்றும் நாளில், ஒவ்வொருவரும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்க்கிற பழக்கம் ஒரு மனிதனுக்கு வந்துவிட்டால் அது சின்ன விஷயமா, நடுவர் அவர்களே?

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தது. வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுக்கிரக எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அது. எதிரிகள் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். திரையில் வரைய வேண்டியது குறைந்ததும் அந்தக் காலத்துச் சிப்புக்குச் சுமை குறைந்தது, அவ்வளவுதான் காரணம். ஆனால் முக்கால்வாசி முடிந்ததே என்று அசந்தவர் அங்கேதான் தோற்றார்.

"பொத்தானைத் தட்டி யார் என்ன சாதித்தார்கள்?" என்றும் தோழர் கேட்டார். 1989-இல் நின்டெண்டோ கேம் பெட்டிக்கு வந்த டெட்ரிஸை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து விழும் கட்டைகளை நகர்த்தி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், வரிசை நிரம்பினால் மறையும், நிலை ஏற ஏற வேகம் கூடும். அதில் 29-ஆம் நிலைக்குப் போனால் கட்டை மேலிருந்து கீழே விழ ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை ஓரம் போய்ச் சேருவதற்குள் தரையில் இருக்கும். மனிதனால் முடிந்தது இவ்வளவுதான் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். அப்புறம் சிலர் விரலைப் படபடவென்று தட்டி 30-ஐத் தொட்டார்கள். அதற்கும் பிறகு வந்தவர்கள் கட்டைவிரலைப் பொத்தானின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகில் மற்றக் கை விரல்களால் வரிசையாகத் தாளம் போட்டார்கள். பொத்தானே விரலிடம் வந்து அழுந்தியது! 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் இந்த முறையில் 157-ஆம் நிலை வரை போனான், மேற்கொண்டு ஓட முடியாமல் விளையாட்டே உறைந்து நின்றுவிட்டது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டெட்ரிஸில் ஜெயிப்பது என்று ஒன்று வைக்கவே இல்லை, கடைசியில் கட்டைகள் மேலே முட்டும், இல்லையென்றால் விளையாட்டே உறையும், எப்படியும் ஆட்டம் முடியும். வெறுமனே பொழுதைப் போக்க வந்தவர்கள் என்றால் 29-ஆம் நிலையோடு எழுந்து போயிருப்பார்களே, இத்தனை வருஷம் உட்கார்ந்து புதுப்புது வழி தேடியது எதற்காக? அவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.