அடைபட்டிருக்கிறவர்களுக்கு ஒரு சங்கீதம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே ஒரு மாமா கேட்பார்: “என்ன தம்பி, ஏதாவது அமைஞ்சுதா?” வேலையோ, கல்யாணமோ, விசாவோ, குழந்தையோ. பாசத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே பின்வாசல் வழியாகப் போகிற பிள்ளைகள் நம் சபையில் இருக்கிறார்கள். இன்று அவர்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

வேதத்தைத் திறந்து 88-ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். “நான் வெளியே புறப்படக்கூடாதபடி அடைபட்டிருக்கிறேன்” என்கிறான் அதைப் பாடிய ஏமான். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கண்ணீரில் தொடங்கினாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அதன் முதல் வரியைப் பாருங்கள்: “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே.” அவனுக்கு ஒரு வழியும் தெரியவில்லை, பதிலும் வரவில்லை. அப்படியும் இரவும் பகலும் அவரைத்தான் கூப்பிடுகிறான். இதற்குப் பெயர் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஜெபத்தை வேதத்துக்குள் வைத்ததே தேவன்தான்.

“அடுத்த மாதமே கதவு திறக்கும்” என்று மேடையிலிருந்து வாக்குக் கொடுப்பது எளிது. அந்த மாதம் போய்விட்டால், விசுவாசம் குறைவு என்ற பழியையும் அந்தப் பிள்ளைதான் சுமக்கவேண்டும். நான் அப்படி ஒரு வாக்கைத் தரமாட்டேன்.

நம் திருநெல்வேலிச் சீமையில் நடந்ததைச் சொல்கிறேன். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவை உங்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்து, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாக அலைந்தவர். ஆபத்திலிருந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63. சீக்கிரம் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் ஜெபித்தார்கள். ஆனால் 1951 ஜனவரியில் கர்த்தரிடம் போகும்வரை, பெரும்பாலும் டோனாவூரில் ஒரே அறையில்தான் இருந்தார். வலி உண்டு, தூக்கம் வராத இரவுகளும் உண்டு.

ஓடியாடிய ஒருவருக்குக் கட்டிலே உலகமானால் எப்படி இருந்திருக்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுகமாயிருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதிய ஆறுதல் வார்த்தைகள் அவருக்கு உதவவில்லை. அதனால் படுக்கையில் இருந்துகொண்டே, படுக்கையில் இருக்கிறவர்களுக்கு எழுதத் தொடங்கினார். அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. பிள்ளைகள் உள்ளே வந்து பேசிவிட்டுப் போனார்கள். கதவு அவர் கேட்டபடி திறக்கவில்லை; ஆனால் கிறிஸ்து அந்த அறைக்குள்ளேயே அவரோடு இருந்தார். சிலுவையில் “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறியவருக்கு அடைபட்ட அறை புதிதல்ல. மூன்றாம் நாள் தேவன் கல்லறையைத் திறந்து அவரைத்தானே எழுப்பினார்! நம் நம்பிக்கைக்கு அடியில் நிற்பது அதுதான்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? எல்லாரும் புத்தகம் எழுத வேண்டியதில்லை. இன்று இரவு அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கோபம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். அப்புறம், உங்களைப்போலவே காத்திருக்கிற ஒருவருக்குப் போன் பண்ணுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பெரியவர்களே, வாசலில் அந்தக் கேள்வியை இனி விட்டுவிடுங்கள்; பக்கத்தில் நின்று ஒரு காப்பி குடியுங்கள்.

தனியாக ஜெபிக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். என்ன பிரச்சினை என்று யாரும் கேட்கமாட்டோம். இப்போது எழுந்து நிற்போம், ஜெபிப்போம்.